கல்யாணத்தன்று பார்த்த தோப்பு

கேள்வி: போன வைகாசியில் எங்கள் மகளின் திருமணத்தைக் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் நடத்தினோம். 12 ஏக்கர், தென்னையும் மாவும். நடுவில் பழைய பங்களா, பத்துக் குடில்கள், 400 பேர் அமரும் மண்டபக் கொட்டகை, பந்திக்குத் தனிக்கூடம். முகூர்த்த நாட்களில் கல்யாணம் நடக்கிறது. குற்றால சீசனில் சுற்றுலா வருபவர்கள் தங்குகிறார்கள். உரிமையாளர் என் கணவருக்கு அத்தான் முறை. வயது 66, பிள்ளைகள் அமெரிக்காவில். நடக்கும் தொழிலோடு சேர்த்து ஆறரைக் கோடிக்குத் தருவதாகச் சொல்கிறார். 42 கல்யாணம், ஒன்றுக்கு ஒன்றரை லட்சம், குடில் வாடகை தனி. ஆக ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் வரவு, 50 லட்சம் செலவு, 70 லட்சம் மிச்சம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். கணவர் 22 ஆண்டுகளாக மஸ்கட்டில் இருக்கிறார், அடுத்த ஆண்டு திரும்புகிறார். எங்களிடம் மூன்று கோடி தேறும். மீதிக்கு வங்கிக் கடன் வாங்க நினைக்கிறோம். ஓடையோரமாக இரண்டு ஏக்கருக்கு மட்டும் பட்டா இல்லை, அனுபவத்தில் இருக்கிறது. சிறிய அருவி ஒன்று அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வாங்கலாமா? கணவர் பெயரிலேயே எழுதிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெருமாள்புரம்

பதில்: அம்மா, விலையையும் பரப்பையும் படிப்பதற்கு முன்பே உங்கள் கடிதத்தின் முதல் வரியில் நின்றுவிட்டேன். மகள் கல்யாணத்தன்று பார்த்த இடம். குலை தள்ளிய வாழை, சீரியல் விளக்கு, நாயனம், பத்து வருடமாகப் பார்க்காத சொந்தங்கள். அன்றைக்கு எந்தத் தோப்பும் அழகாகத்தான் இருக்கும். காலையில் மோட்டார் மக்கர் செய்ததும், கழிவுநீர்த் தொட்டி நிரம்பி லாரிக்கு ஆள் அனுப்பியதும், பந்திக்கு வாழையிலை குறைந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்காது. வரவிடாமல் பார்த்துக்கொண்டவர் அந்த அத்தான். உங்களுக்கு அண்ணன் முறை ஆகிறார். எனவே முதல் வேலையாகப் புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் அங்கே போய் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்துவிட்டு வாருங்கள். கல்யாணமும் இருக்காது, சீசனும் முடிந்திருக்கும். நீங்கள் வாங்கப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துத்தான்.

இனி அந்தத் தாளைப் பார்ப்போம். 42 கல்யாணத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் 63 லட்சம். அப்படியானால் குடில் வாடகை 57 லட்சம். ஒரு குடிலுக்கு ஓர் இரவுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,425 வாடகை இரவுகள் வேண்டும். அதாவது பத்துக் குடில்களும் 142 இரவுகள் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாண வீட்டாருக்குக் குடில்கள் மண்டப வாடகையிலேயே அடக்கம் அல்லவா? உங்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பார். முதல் நாள் பெண்ணழைப்பில் தொடங்கி, மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிந்து நீங்கள் சாமான் ஏற்றிக் கிளம்ப இரண்டு இரவுகள் ஆகியிருக்கும். 42 கல்யாணத்துக்கு 84 இரவுகள் அப்படிப் போய்விட்டால் மிச்சம் 281. அவற்றில் பாதி இரவுகள் பத்துக் குடிலிலும் ஆள் இருந்தால்தான் தாளில் உள்ள தொகை வரும். சனி, ஞாயிறு சரி. கார்த்திகை மழையில் ஒரு புதன்கிழமைக்கு யார் வருவார்கள்?

அவர் பொய் எழுதியிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சாரல் நன்றாக விழுந்த ஒரு வருடத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். விற்பவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வருடம் மட்டும் நன்றாக நினைவிருக்கும். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பதிவு, மின் கட்டண ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை நான் பெரிதும் நம்புவேன். ஆள் வந்தால் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், மீட்டர் சுற்றும்.

அடுத்து உங்கள் பக்கக் கணக்கு. பத்திரச் செலவை நீங்கள் சேர்க்கவில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆறரைக் கோடிக்கு 58 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். (பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 10 லட்ச ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குத்தான்.) ஆகவே உங்கள் மூன்று கோடியில் நிலத்துக்குப் போவது 2 கோடியே 41 லட்சம். கடன் 4 கோடியே 9 லட்சம் வேண்டும். வட்டி 10 சதவீதம், தவணைக் காலம் பத்து ஆண்டு என்று போட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரம், ஆண்டுக்கு 65 லட்சம். தாளில் உள்ள 70 லட்சம் முழுவதும் உண்மையாகவே இருந்தாலும் கையில் நிற்பது 5 லட்சம்.

அந்த ஐந்தும் நிற்காது. மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்குள் வரியும் அடக்கம் என்றால் 63 லட்சத்தில் சுமார் 9 லட்சத்து 60 ஆயிரம் அரசுக்குப் போகும். இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு இப்போது 5 சதவீதம். அதில் இன்னும் 2 லட்சத்து 70 ஆயிரம். 50 லட்சம் செலவில் இந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதில் வரி என்ற பேச்சே இல்லை. மேனேஜர் சம்பளம் என்ற பேச்சும் இல்லை. ஏனென்றால் அங்கே மேனேஜர் அவர், ஸ்டோர் பொறுப்பு அவர் மனைவி. இருவருக்கும் சம்பளம் கிடையாது. நீங்கள் இரண்டு ஆட்களை மாதம் 50,000 ரூபாய்க்கு வைத்தாலே ஆண்டுக்கு 6 லட்சம். கொட்டகைக் கூரை மாற்றுவது, தென்னைக்கு உரம், குடில்களுக்கு வெள்ளையடிப்பு எதையும் நான் இன்னும் தொடவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்து மலையடிவாரத்தைப் போல் பொருத்தமான மண் குறைவு. மற்ற ஊர்களில் ஆடி மாதம் மண்டபக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். இங்கே ஆடியில்தான் குற்றாலம் நிறைகிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக ஐயப்ப பக்தர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களும், மேலப்பாளையம், கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்களும் ஆடி பார்ப்பதில்லை. தவக்காலமும் ரமலானும் அவர்களுக்கு வேறு கணக்கு. எல்லாத் தரப்பிலும் பழக்கம் உள்ளவருக்குக் காலண்டரில் வெற்று மாதம் குறைவு.

இடிக்கிற இடம் ஆனியும் ஆவணியும். முகூர்த்தமும் உண்டு, சாரலும் உண்டு. கல்யாணக்காரர் ஆறு மாதத்துக்கு முன்பே தேதி வாங்கிவிடுவார். சீசன்காரர் வியாழக்கிழமை போன் செய்து சனிக்கிழமைக்குக் கேட்பார். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் லாபமே இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அத்தானின் தலைக்குள் இருக்கிறதே தவிர எந்தத் தாளிலும் இல்லை. போதாததற்குக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று தகரக் கூரையைக் கழற்றி அடுத்த தோப்பில் போட்டுவிடும். கொட்டகைக்கு எத்தனை முறை கூரை மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள்.

சீசனையும் முழுக்க நம்பிவிட முடியாது. கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டும் சீசன் மாதங்களில் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அதன் பிறகு தண்ணீர் கொஞ்சம் கூடினாலே கயிறு கட்டிவிடுகிறார்கள், கட்டத்தான் வேண்டும். அந்தச் செய்தி காலையில் டிவியில் வந்தால் மதியத்துக்குள் பாதிக் குடில்கள் ரத்தாகும். கடன் தவணைக்கு மட்டும் ரத்து கிடையாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: முன்பணம். வரப்போகும் தை வரைக்கும் எத்தனை கல்யாணத்துக்கு அவர் தேதி கொடுத்திருக்கிறார்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாங்கியிருக்கிறார்? பதினேழு கல்யாணம், தலைக்கு 50,000 என்றால் எட்டரை லட்சம் அவர் பையில் இருக்கிறது. அந்தப் பதினேழு கல்யாணத்தையும் நடத்திக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். பத்திரம் முடிந்த மறுநாள் பெண் வீட்டார் ரசீதோடு வந்து நிற்பார்கள், அவர்களிடம் 'அது பழைய முதலாளி வாங்கியது' என்று சொல்லமுடியாது. இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். மண்டபத்தோடு கூடிய விடுதி ஒன்றைத் தை பிறப்பதற்கு முன் வாங்கியவர். தையிலும் மாசியிலும் ஒன்பது கல்யாணம் நடத்தினார், பாக்கித் தொகை மட்டுமே கைக்கு வந்தது. அதிலும் இரண்டு கல்யாணம் விற்றவருடைய சொந்தக்காரர்களுடையது. இலவசமாகத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம்.

அதனால் டைரியைக் கேளுங்கள். கணினியில் இருப்பது வேண்டாம். மேசை டிராயரில் கிடக்கும், நூல் கட்டிய டைரி. அதில் தேதி, பெயர், முன்பணம், பேசிய வாடகை எல்லாம் இருக்கும். வாங்கிய முன்பணம் முழுவதும் விலையில் கழிய வேண்டும். டைரியில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த 42 வீட்டாரில் அவரைத் தெரியாமல், விளம்பரம் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்? 'அண்ணாச்சி இடம்' என்று வந்தவர்கள் எத்தனை பேர்? சமையல் செய்யும் தவசுப்பிள்ளை, அவர் ஒரு வார்த்தை சொன்னால் முன்பணம் கேட்காமல் அடுப்பு மூட்டுகிறார். பந்தல்காரர் பாக்கியைப் பத்து நாள் பொறுக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். மாப்பிள்ளையின் நண்பர்கள் பதினொன்றுக்கும் நிறுத்தாதபோது அவர் போய்த் தோளில் கை போட்டு நிறுத்துகிறார். ஆறரைக் கோடியில் 'தொழில்' என்று விலை போட்டிருப்பது பெரும்பாலும் இந்த மனிதருக்கு. அவரோ உங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போகப்போகிறார்.

நிலத்துக்கு வருகிறேன். கணவர் பெயரில் இப்போது எழுத முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசுரிமையில் வந்தால் வேறு. அவர் வேலையை முடித்து நிரந்தரமாகத் திரும்பிய பிறகு அந்தத் தடை இல்லை. அதற்கு முன்பே வாங்குவதானால் இங்கேயே குடியிருக்கும் உங்கள் பெயரில்தான். கணவரின் சம்பாத்தியத்தில் மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகாது. ஆனால் பணம் மஸ்கட்டிலிருந்து உங்கள் கணக்கு வழியாக வந்த தடம் சுத்தமாக இருக்கட்டும்.

அது விவசாய நிலமா இல்லையா என்பதிலேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. சிட்டாவில் இன்னும் புன்செய் என்று இருந்தால் வங்கி மேலாளர் முகம் சுளிப்பார். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அந்த ஈட்டின்மேல் நான்கு கோடி தொழில் கடன் தர யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள். விவசாயம் அல்லாத நிலம் என்று மாற்றியிருந்தால் அதற்கான உத்தரவு, கட்டடங்களுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், மண்டபத்துக்குப் பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். 'பஞ்சாயத்துக்கு வரி கட்டுகிறோமே' என்பார். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்கள் அவை. உங்கள் சர்வே எண்கள் வன எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வந்தால் ஒரு குடில் கூடுதலாகக் கட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டியிருக்கும். கரடியும் சிறுத்தையும் கடையம், பாபநாசம் அடிவார ஊர்களுக்கு இறங்குவது உங்களுக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து வரும் விருந்தாளிக்குப் புதிது.

(பழைய பத்திரங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றும் இப்போதைய பட்டாவில் தென்காசி மாவட்டம் என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2019-இல் மாவட்டம் பிரிந்ததுதான் காரணம்.)

ஓடையோரத்து இரண்டு ஏக்கரை விலையிலிருந்து மட்டுமல்ல, மனத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஓடைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. 'அனுபவத்தில் இருக்கிறது' என்றால் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று பொருள். அங்குள்ள அருவியை நீங்கள் ஒரு சொத்தாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்த முழுக் கடிதத்திலும் பெரிய அபாயமாகத் தெரிகிறது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவி அமைப்பதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. அதன்பின் இந்தப் பக்கம் உள்ள தனியார் அருவிகளை அதிகாரிகள் தேடிப்போய்ப் பார்த்தார்கள். உங்கள் அருவி தானாக விழுவதா, குழாயும் சிமென்ட் தொட்டியும் வைத்து விழவைப்பதா? ஓடைக்கு மேலே நூறு அடி நடந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே மின் இணைப்பையும் பாருங்கள். விவசாய மோட்டாருக்கான இலவச மின்சாரத்தில் குடில்களுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் அதற்கான அபராதம் ஒருநாள் உங்கள் பெயருக்கு வரும்.

கிணறு யாருடையது, எத்தனை பங்கு என்று பத்திரத்தில் பாருங்கள். நம் பக்கத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று எழுதுவது சாதாரணம். நான்கு பேர் தோப்புக்குப் பாய்ச்சும் கிணற்றிலிருந்து 400 பேருக்குப் பந்தி வைக்க முடியாது. மெயின் ரோட்டிலிருந்து வரும் வண்டிப்பாதையும் பட்டாவில் இருக்கிறதா, அல்லது பக்கத்துத் தோட்டக்காரரின் நல்ல மனதில் இருக்கிறதா?

வில்லங்கச் சான்று எடுப்பது பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அது பரம்பரைச் சொத்து என்றால் அத்தானின் உடன்பிறந்த பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்துவிட்டது, மத்தியச் சட்டமும் 2005-இல் வந்துவிட்டது. 'அக்காமார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்' என்பது கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சு. பத்திர ஆபீஸில் கையெழுத்துத்தான் பேசும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மிச்சத்தை ரொக்கமாகத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைக் கைநீட்டி வாங்குகிற அத்தானுக்கு அதே தொகை அபராதம். உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், பத்திரத்தில் இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது, நாளை ஏதாவது வழக்கு வந்தால் அது நீங்கள் கொடுத்த பணமும் ஆகாது.

இவ்வளவும் சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். நீங்கள் கேட்க வேண்டாம். 'பேங்கில் கேட்கிறார்கள் அண்ணா' என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. எந்த வங்கியும் இதில் பாதியைக் கேட்கத்தான் செய்யும். கணக்குக் கேட்டதற்கே மனம் வருந்துகிறவர் என்றால், அந்த வருத்தம் ஒரு பொங்கலோடு தீர்ந்துவிடும். வாங்கிய பிறகு கேட்டால் இரண்டு குடும்பமும் ஒரு தலைமுறைக்குப் பேசாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது வாங்கமாட்டேன். ஒரு வருடக் குத்தகைக்குக் கேட்பேன். குத்தகைப் பத்திரத்தோடு, வருட முடிவில் இன்ன விலைக்கு வாங்கும் உரிமை எனக்கு என்று ஒரு ஒப்பந்தமும் எழுதிக்கொள்வேன், இரண்டையும் பதிவு செய்வேன். ஓர் ஆனி, ஓர் ஆடி, ஒரு தை பார்த்தாகிவிடும். அந்த வருடம் அத்தானும் கூடவே இருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு கல்யாண வீட்டாரிடமும் 'இனி இவர்கள்தான்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள், தயங்காமல் நன்றாகவே கொடுங்கள். இதற்குள் உங்கள் கணவரும் ஊர் திரும்பிவிடுவார், பெயர் சிக்கலும் தீரும். விடியற்காலை மூன்று மணிக்குத் தவசுப்பிள்ளைக்கு ஸ்டோர் ரூம் திறந்துவிட எழுந்திருக்கப் போவது உங்களில் யார் என்பதும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடம் ஏசி அறையில் வேலை பார்த்தவருக்கு அது பிடிக்கிறதா என்பதை நான்கு கோடி கடனுக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

குத்தகைக்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் தொழிலை விட்டுவிட்டு மண்ணுக்கு மட்டும் விலை பேசுங்கள். பட்டா உள்ள பத்து ஏக்கருக்கு, அனுமதி உள்ள கட்டடங்களுக்கு. அந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஏக்கர் என்ன விலை போகிறது என்பதைக் கடையம் பஜாரில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் சொல்லிவிடுவார்கள்.